ஒட்டன்சத்திரத்துத் தங்கைக்கு

செங்காங், சிங்கப்பூர்
ஞாயிறு காலை

அன்புள்ள செல்விக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பாப் ஸ்மியர் ரிப்போர்ட்டைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தேன். புற்றுநோய் அணுக்கள் தென்படவில்லை, அழற்சி இருக்கிறது, இந்த இரண்டும்தான் அதில் உள்ள விஷயம். அழற்சி என்றதைப் பார்த்து நீ தூக்கத்தைத் தொலைத்துவிட்டாய். உன் மாமியாரோ, எல்லாம் உடம்புச் சூடு, வெந்தயம் ஊறவைத்துக் குடித்தால் சரியாகிவிடும் என்கிறார். போனில் பேச ஆரம்பித்தால் பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று பாதியிலேயே வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

அழற்சி என்று எழுதினால், கர்ப்பப்பை வாயில் வெள்ளை அணுக்கள் கூடியிருக்கின்றன என்று அர்த்தம். பூஞ்சையாக இருக்கலாம், பாக்டீரியாவாக இருக்கலாம், நீ போட்டிருக்கும் காப்பர்-டி கூடக் காரணமாக இருக்கலாம். நம் ஊரில் பாப் ஸ்மியர் எடுத்த எத்தனையோ பெண்களின் ரிப்போர்ட்டில் இது வருகிறது. அரிப்பும் வெள்ளைப்படுதலும் முற்றிப் புற்றுநோயாக மாறுவதில்லை. அந்தப் பயத்தை விட்டுவிடு.

புற்றுநோயை உண்டாக்குவது எச்பிவி என்கிற வைரஸ். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க் கட்டிகளுக்குள் இந்த வைரஸின் 16, 18 என்ற இரண்டு வகைகளை 1983, 84-இல் கண்டுபிடித்தவர் ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹவுசன். 2008-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உலகில் வரும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் ஏறக்குறைய 70 சதவீதத்துக்கு அந்த இரண்டு வகைகளே காரணம். இதில் ஆபத்து என்னவென்றால், இந்த வைரஸ் வலியோ அரிப்போ காட்டாது. அணுவைக் கொல்லாது, ரத்தத்தில் இறங்காது. நாயைக் குரைக்கவிடாமல் வீட்டுக்குள் நுழைந்த திருடன் மாதிரி, உடம்பின் காவலுக்குத் தெரியாமல் தங்கிவிடும். பெரும்பாலான பெண்களுக்கு ஓரிரு வருடத்தில் உடம்பே அதை விரட்டிவிடுகிறது. போகாமல் தங்கிவிட்டவர்களுக்குத்தான் அணுக்கள் மெல்ல மெல்ல மாறுகின்றன. அது புற்றாக முற்ற 15, 20 வருடம்கூட ஆகும். அவ்வளவு காலம் நம் கையில் இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு ஆறுதலாகவும் இருக்கிறது, அதை வீணாக்குகிறோமே என்று கோபமும் வருகிறது.

அப்படியானால் உன் அழற்சிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது. கிளமிடியா போன்ற தொற்று இருக்கும் பெண்களுக்கும், பிறப்புறுப்பைக் காக்கும் லாக்டோபேசில்லஸ் குறைந்துபோனவர்களுக்கும் எச்பிவி அதிக நாள் தங்குவதைப் பார்த்திருக்கிறார்கள். நாள்பட்ட அழற்சி அணுக்களின் மரபுப்பொருளையும் சேதப்படுத்தும். வைரஸ் ஆரம்பித்த வேலைக்கு அது துணை போகிறது. ஆகவே டாக்டர் கொடுத்த மாத்திரையை முழுசாகச் சாப்பிடு. ஆனால் நான் இந்தக் கடிதம் எழுதுவதே இனிமேல் சொல்லப்போகும் விஷயத்துக்காகத்தான். மாத்திரையில் வெள்ளைப்படுதல் நின்றுவிடும், எச்பிவி இருந்தால் அது அப்படியே இருக்கும். ஆன்டிபயாடிக்குக்கு வைரஸ் அசையாது. அழற்சி அதிகமாக இருந்தால் ஸ்லைடில் மாறிய அணுக்கள் மறைந்துபோகவும் கூடும். உடம்பு சுகமாகிவிட்டது என்று நீ நிறுத்திவிடக் கூடாது. எச்பிவி சோதனை தனியாகச் செய்ய வேண்டும்.

இங்கே 25 முதல் 29 வயது வரை 3 வருடத்துக்கு ஒருமுறை பாப் ஸ்மியர், 30 ஆனதும் 5 வருடத்துக்கு ஒருமுறை எச்பிவி சோதனை. நான் செங்காங் பலதுறை மருந்தகத்தில் செய்துகொண்டேன். தாதி காலை மடக்கிப் படுக்கச் சொன்னார், ஸ்பெகுலம் வைத்தார், சின்ன பிரஷ்ஷைச் சுழற்றி எடுத்துக் குப்பியில் இருந்த திரவத்தில் அலசினார். அடிவயிற்றில் லேசாக இழுத்துப் பிடித்த மாதிரி இருந்தது. முடிந்ததும் எழுந்து, எல்ஆர்டி பிடித்து வீட்டுக்கு வந்து சமைத்தேன்.

இதெல்லாம் சிங்கப்பூரில் நடக்கும், நமக்கு எங்கே என்று நினைக்காதே. உன் வீட்டுக்குப் பக்கத்தில் அம்பிளிக்கை ஆஸ்பத்திரி இருக்கிறதே, அந்த கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் ஆஸ்பத்திரிக்காரர்களும் டாக்டர் சங்கரநாராயணன் என்கிற ஆராய்ச்சியாளரும் சேர்ந்து 2000-இல் நம் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். பயிற்சி பெற்ற நர்சுகள் 30 முதல் 59 வயதுப் பெண்கள் சுமார் 31,000 பேரைப் பரிசோதித்தார்கள். கர்ப்பப்பை வாயில் வினிகரில் இருக்கும் அசெட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் பார்ப்பார்கள், மாறிய இடம் வெள்ளையாகத் தெரியும். தேவைப்பட்டவர்களுக்கு அங்கேயே அந்த இடத்தை உறையவைத்துச் சிகிச்சையும் செய்தார்கள். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்த நோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்தது. இந்த முடிவு 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. நம் ஊர்க் காட்டு வேலைக்குப் போகிற பெண்கள் வரிசையில் நின்றுதான் உலகத்துக்கு இதை நிரூபித்தார்கள் செல்வி. அதே டாக்டரின் குழு மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத்தில் செய்த ஆய்வில், வாழ்க்கையில் ஒரே ஒருமுறை எச்பிவி சோதனை செய்ததிலேயே சாவு ஏறக்குறைய பாதியானது.

ஒன்று மறைக்காமல் சொல்கிறேன். எச்பிவி உடலுறவில் பரவுவது. அதனால் ரிசல்ட் பாசிட்டிவ் என்று வந்தால் வீட்டில் என்ன சொல்வார்களோ என்று நீ பயப்படுவாய். திருமண வாழ்க்கை உள்ள ஆண், பெண் பெரும்பாலோருக்கு எப்போதாவது ஒருமுறை இது வந்து போகிறது. எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இதில் ஒழுக்கத்தைப் பற்றிப் பேச யாருக்கும் இடமில்லை. மாப்பிள்ளையிடம் நானே பேசவா? நீ சரி என்றால் பேசுகிறேன். பாசிட்டிவ் என்றாலும் அது புற்றுநோய் என்று அர்த்தமில்லை, கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கால்போஸ்கோப் வைத்துப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

உறவுக்குப் பிறகோ, மாதவிலக்குக்கு நடுவிலோ ரத்தம் பட்டால் மட்டும் எந்த ரிப்போர்ட்டையும் நம்பிக் காத்திருக்காதே. அன்றைக்கே போய்க் காட்டு.

உன் பாப்பாவுக்கும் 12 வயது ஆகப்போகிறது. இங்கே 2019-லிருந்து உயர்நிலை ஒன்றில் படிக்கும் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே எச்பிவி தடுப்பூசி போடுகிறார்கள். புனே சீரம் நிறுவனத்தின் செர்வாவேக் என்கிற தடுப்பூசி இப்போது இந்தியாவிலேயே தயாராகிறது. 15 வயதுக்குள் போட்டால் இரண்டு ஊசி போதும். அவளுக்கான செலவு என்னுடையது, மறுக்காதே.

மாத்திரை முடிந்ததும் அம்பிளிக்கையிலோ திண்டுக்கல்லிலோ எச்பிவி சோதனை உண்டா என்று கேள். இல்லையென்றால் மதுரைக்குப் போ, மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் சின்ன அத்தையைக் கூட்டிக்கொள். தேதி கிடைத்ததும் எனக்கு ஒரு வரி போடு.

அன்புடன்,
அக்கா