வெறும் தண்ணீரும் நீலமான கதை

கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

மஞ்சக்குப்பத்தில் என்னிடம் அறிவியல் படித்தவர்களுக்கு அந்த அயோடின் சோதனை மறந்திருக்காது. ஸ்டார்ச் இருந்தால் கருநீலம். ஒரு வருஷம் வடிகஞ்சி, உருளைக்கிழங்குச் சாறு, சர்க்கரைத் தண்ணீர், கடைசியில் வெறும் தண்ணீர் என்று நாலு குழாய் வைத்தேன். நாலும் நீலமாயிற்று! வகுப்பே கைதட்டியது. எனக்குத்தான் வியர்த்தது. கஞ்சி எடுத்த டிராப்பரைக் கழுவாமலே ஒருவன் மற்றதையும் எடுத்து விட்டிருக்கிறான். (இப்போது நெய்வேலியில் பெரிய அதிகாரி. பெயர் சொல்ல மாட்டேன்.) "வெறும் தண்ணி எதுக்கு சார்?" என்று வருஷாவருஷம் கேட்பார்கள். அன்றைக்குப் பதில் தெரிந்தது. தண்ணீர் நீலமாகாமல் இருந்தால்தான் மற்ற மூன்றையும் நம்பலாம்.

இதை முப்பது வருஷம் சொல்லிக்கொடுத்த நானே 2020-ல் மறந்துபோனேன். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்த மே மாதம் நினைவிருக்கும். கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பியவர்கள் மூலம் நம் கடலூர் மாவட்டத்தில் ஒரே நாளில் நூற்றுக்கும் மேல் தொற்று. அது நிஜமான தொற்று. அடுத்து வந்த மாதங்களில் என்னோடு வேலை பார்த்த இரண்டு பேரை அந்த நோய்க்குப் பறிகொடுத்தேன். யாரும் இந்தப் பதிவை வைத்துக்கொண்டு கொரோனாவே பொய் என்று கிளம்ப வேண்டாம்.

சில வாரம் கழித்து, சிதம்பரத்தில் என் தங்கை இருக்கும் தெருவில் பதினொரு பேருக்கு ஒரே நாளில் பாசிடிவ். ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. தெருவைத் தகரம் வைத்து அடைத்தார்கள். பதினொரு பேரில் திண்ணையில் இட்லி சுட்டு விற்கும் அம்மாவும் ஒருவர். தெருவே அவரிடம்தான் வாங்கும். அப்புறம் என்ன, அவர்தான் பரப்பினார் என்று முடிவாகிவிட்டது. தங்கை அழுதுகொண்டே போன் செய்தாள். "இனிமே அந்த அம்மாகிட்ட ஒண்ணும் வாங்காதே, மத்தவங்களுக்கும் சொல்லிடு" என்றேன். அறிவியல் வாத்தியார் சொன்னால் தெரு கேட்காதா?

பரிசோதனைக்கூட வேலையில் இருக்கும் பழைய மாணவி ஒருத்தியிடம் அன்றிரவு இதைச் சொன்னபோது அவள் கேட்டாள்: "சார், தண்ணிக் குழாய் என்ன ஆச்சு?"

பி.சி.ஆர். என்பது துளியூண்டு மரபுப்பொருளைக் கோடிக்கணக்கான பிரதிகளாகப் பெருக்கிக் காட்டும் முறை. கிருமியைப் பெருக்குவதுபோலவே தவறி விழுந்த துகளையும் பெருக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் நோயாளியின் மாதிரி எதுவும் சேர்க்காத குழி ஒன்று வைப்பார்கள். அதுவும் பாசிடிவ் என்றால் ரீஏஜென்ட்டிலோ கூடத்திலோ ஏதோ கலந்திருக்கிறது. அவள் விசாரித்துச் சொன்னாள். அன்றைக்கு அதுவும் பாசிடிவ். யாரும் கவனிக்காமல் அறிக்கை போய்விட்டது. ஒரு வாரத்தில் புது ரீஏஜென்ட் போட்டு மறுபடி பார்த்ததில் பதினொன்றும் நெகடிவ். அதற்குள் குணமாகியிருக்கலாமே என்பீர்கள். இல்லை, பார்த்தது முதல் நாள் எடுத்து வைத்திருந்த அதே மாதிரிகளை.

பெரிய இடங்களுக்கும் இது தப்பவில்லை. அமெரிக்காவில் 2006-ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து டார்ட்மவுத்-ஹிட்ச்காக் மருத்துவமனையில் கக்குவான் இருமல் பரவுகிறது என்று ஊழியர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேரைச் சோதித்தார்கள். 142 பேருக்கு நோய் என்றார்கள். ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஆன்டிபயாடிக், தடுப்பூசி. பல மாதம் கழித்துத்தான் எல்லாம் பொய் எச்சரிக்கை என்று தெரிந்தது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில் ஒருவருக்குக்கூட அது வளரவில்லை. பி.சி.ஆர். ஒன்றை மட்டும் நம்பியதால் வந்த வினை. வேறு ஊர்களில் இன்னொரு வேடிக்கை: சில கக்குவான் தடுப்பூசிகளில் அந்தக் கிருமியின் மரபுத்துணுக்கு இருக்கிறது. கிளினிக் மேஜையில் சிந்திய மருந்தே நோயாளியின் மாதிரியில் கலந்து 'நோய்' காட்டியிருக்கிறது. 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் சி.டி.சி. அனுப்பிய முதல் கொரோனா கிட்டுகள் பல கூடங்களில் வெறும் தண்ணீருக்கே பாசிடிவ் காட்டின. ஒரு காரணம், தயாரித்த இடத்திலேயே கலப்படம். நம் டிராப்பர் கதைதான்.

தெருவுக்கு வருகிறேன். தகரத்தை எடுத்தார்கள். ஏன் என்று யாரும் வந்து சொல்லவில்லை. எனக்குத் தெரியும், நானும் சொல்லவில்லை. தங்கையிடம் மட்டும் சொன்னேன், அதோடு விட்டுவிட்டேன். இட்லிக்கார அம்மாவுக்கு வியாபாரம் படுத்துவிட்டது. புவனகிரியில் மகள் வீட்டோடு போய்விட்டார்.

போன மாதம் தேடிப் போனேன். அங்கேயும் சின்னதாக ஒரு கடை போட்டிருக்கிறார். நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, "வாங்க வேண்டாம்னு தங்கச்சிகிட்ட சொன்னது நான்தாம்மா. உங்களுக்கு அன்னைக்கு நோயே இல்ல, டெஸ்ட்டுதான் தப்பு" என்றேன்.

சட்னிக் கரண்டியைக் கையில் வைத்தபடியே நின்றார். "வந்து போயிடுச்சுன்னுதானே நெனச்சிருந்தேன். உங்களுக்கு எப்ப சார் தெரியும்?"

"ஒரு வாரத்துலயே தெரியும்மா."

"எனக்கு இப்பதான் தெரியுது" என்றார். இட்லிக்குக் காசு வாங்கவில்லை.

அந்தத் தெருக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள். பதினொரு பேருக்கும் அன்றைக்கு ஒன்றுமில்லை.