எட்டுப் பேர்

கீழூரில் என் ஐந்து வயது மகளிடம் பொய் சொன்னேன். விவரம் தெரியாமல் உளறியதல்ல; தெரிந்தே சொன்னது.

ஆகஸ்ட் 16 புதுச்சேரியில் விடுமுறை. 1962-இல் அன்றுதான் பிரெஞ்சு இந்தியப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தன. நடைமுறையில் ஆட்சி 1954 நவம்பர் 1-லேயே கைமாறிவிட்டது. அதற்கு வழிவகுத்தது புதுச்சேரியின் கீழூர் கிராமம். அந்த ஆண்டு அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் அங்கே கூடி வாக்களித்தார்கள். இணைப்புக்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 அன்று அங்குள்ள நினைவிடத்தில் கொடியேற்றுகிறார்கள். அதைக் காட்டத்தான் மகளைக் கூட்டிப்போய், இந்தக் கதையைச் சொன்னேன்.

"எட்டுப் பேரு மட்டும் ஏம்ப்பா வேணாம்னாங்க?" என்று கேட்டாள்.

"அவங்க கெட்டவங்க" என்றேன்.

அணிவகுப்பில் நின்ற போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பியைக் காட்டி, "நம்ம வீட்டுப் படத்துல தாத்தாவும் இதே மாதிரிதானே போட்டிருக்காரு?" என்றாள். "அது வேற" என்று சொல்லி அவளை இழுத்துக்கொண்டு நகர்ந்தேன்.

வேறு இல்லை. புதுச்சேரி போலீசின் அந்தத் தொப்பி பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலிருந்து வருவது. படத்தில் இருப்பவர் என் அம்மாவின் அப்பா. பிரெஞ்சுப் படையில் சைகோனில் இருந்தவர். இந்தியாவும் பிரான்சும் செய்துகொண்ட 1956 ஒப்பந்தம் தந்த உரிமைப்படி பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டார். அவருடைய பென்ஷனில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது, நான் படித்தேன். ஆனால் பள்ளியில் 'சொல்தா வீட்டுப் பையன்', அதாவது பிரெஞ்சுச் சிப்பாய் வீட்டுப் பையன், என்று கூப்பிட்டபோது கூசிப்போனேன். எவர் கண்ணிலும் சந்தேகம் வரக்கூடாதென்று அன்று தொடங்கிய பயம், மகளிடம் என்னை அப்படிப் பேச வைத்தது. சோறு போட்டவரை மறைத்தேன். அது நன்றிகெட்டதனம்.

அதைவிடப் பெரிய தவறு அந்த எட்டுப் பேருக்குச் செய்தது. அவர்கள் மனதில் என்ன இருந்தது என்பதை நான் ஒருநாளும் தேடிப் படித்ததில்லை. ஆனாலும் ஒரு சொல்லில் அவர்களைத் தீர்த்துக்கட்டினேன். இணைப்பு சரியான முடிவென்றே நான் நம்புகிறேன். அதற்காகச் சிறைக்குப் போனவர்களை வணங்குகிறேன். ஆனால் வேண்டாமென்று சொல்லவும் அங்கே இடமிருந்ததால்தான் 170 பேர் சொன்ன சம்மதத்துக்கு மதிப்பு. எட்டு என்ற எண்ணை மறைக்காமல் எழுதி வைத்தார்களே, அதுவே கீழூரின் பெருமை. அந்த மண்ணில் நின்றுகொண்டு, மாற்றுக் கருத்து சொன்னவன் கெட்டவன் என்று ஒரு குழந்தைக்குக் கற்றுக்கொடுத்துவிட்டேன்.

இன்றுவரை அதைத் திருத்தவில்லை. அவள் இன்னும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள். தாத்தா யாரென்றும், வேண்டாமென்று வாக்களித்த எட்டுப் பேரும் நம் ஊர்க்காரர்கள்தான் என்றும் அவளிடம் நான் சொல்லியாக வேண்டும். வளர்ந்து அவளே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டால், அது இரண்டாவது பொய்.