அப்பாவும் பைனாகுலரும்

பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்கு வரச்சொல்லி அப்பாவை ஒரு மாதம் கெஞ்சினேன். வெள்ளவத்தையிலிருந்து ஓட்டோவில் போகிற தூரம்தான். பிரச்சினை என் கழுத்தில் தொங்கின பைனாகுலர்.

"அதைப் பையுக்குள்ள வை. ஆரும் கேட்டா என்ன சொல்லுவாய்?"

தொண்ணூறுகளில் கொழும்புக்கு வந்து, பொலிஸ் பதிவோடு லொட்ஜில் இருந்தவர். ரோட்டில் எதையும் உற்றுப் பார்க்காமல் நடந்து பழகினவர். இன்றைக்கும் அடையாள அட்டை இல்லாமல் பாண் வாங்கக்கூடப் போகமாட்டார்.

பலகைப் பாதையில் நான்தான் கதைத்துக்கொண்டு போனேன். 2018இல் கொழும்பு ராம்சார் ஈரநில நகரமானது. கோட்டேப் பக்கத்துச் சதுப்புகள் மழைவெள்ளத்தைத் தேக்கி மெதுவாக விடும். அதில் ஒரு பங்கு எங்கட வெள்ளவத்தைக் கால்வாயால்தான் கடலுக்குப் போகும். இந்தச் சதுப்புகளை மூடினால் அந்த வெள்ளம் எங்கட ஒழுங்கைகளுக்குத்தான் வரும். அப்பா "ம்" என்றபடி, பின்னால் ஆர் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு வந்தார்.

புல்லுக்குள் ஏதோ அசைந்தது. கறுத்த முதுகு, வெள்ளை நெஞ்சு. நான் புத்தகத்தைப் புரட்ட முதல் அவர் சொன்னார்:

"கானாங்கோழி. ஊரில எங்கட வயல்கரையில நிக்கும்."

பைனாகுலரை நீட்டினேன். ஒருக்கா சுத்திப் பார்த்துவிட்டு வாங்கினார்.

பறவை பார்க்கிறது வெறும் பொழுதுபோக்கு என்றுதான் நினைத்திருந்தேன். பயமில்லாமல் ஒரு இடத்தில் நின்று பார்க்கிறதே சிலருக்கு எவ்வளவு பெரிய விசயம்!

திரும்பி வரேக்க ஓட்டோவிலும் அது அப்பாட கழுத்திலதான் கிடந்தது. நான் ஒண்டும் சொல்லேல்ல.