காட்டுப்பாக்கத்தில் நின்ற வண்டி

பரங்கிமலை அடிவாரத்திலிருந்து பூவிருந்தவல்லிக்குச் செல்லும் நெடுஞ்சாலை பழமையானது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இவ்விரண்டு ஊர்களிலும் படைவீரர்கள் தங்கியிருந்தனர். அவர்கள் குதிரையிலும் மாட்டு வண்டியிலும் போய் வந்த தடத்தில் இன்று பேருந்துகளும் லாரிகளும் கார்களும் ஒன்றையொன்று உரசாத குறையாக ஊர்ந்து செல்கின்றன. நந்தம்பாக்கம், மணப்பாக்கம், போரூர், அய்யப்பன்தாங்கல் என்று ஒவ்வோர் ஊராகக் கடந்து வந்தால், குமணன்சாவடிக்கு முன்னே நம்மை வரவேற்பது காட்டுப்பாக்கம்.

பெயரில் காடு இருக்கிறதேயன்றி, ஊரில் அதனைத் தேடித்தான் காண வேண்டும். மேலே மெட்ரோ ரயிலுக்கென எழுந்த தூண்களும் பாலமும். கீழே அடுக்குமாடி வீடுகள், மருந்துக் கடைகள், பரோட்டாக் கடைகள், டயர்க் கடைகள். நெடுஞ்சாலையிலிருந்து கிளைத்துச் செல்லும் தெருக்களிலே தகரக் கூரை வேய்ந்த மோட்டார்ப் பட்டறைகள் சில உண்டு. அவற்றுள் ஒன்றில் ஒரு பகற்பொழுதைக் கழிக்க நேர்ந்தது. அங்கு நான் கற்றதை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்ற கோடையில் ஒரு சனிக்கிழமை முற்பகல். பூவிருந்தவல்லியில் நோயுற்றிருந்த முதியவர் ஒருவரைக் காணச் செல்ல வேண்டியிருந்தது. எனக்கெனச் சொந்தக் கார் இல்லாமையால், பழகிய குடும்பத்தார் ஒருவர் தம் வண்டியைக் கொடுத்து உதவினர். 2012-இல் பதிவு செய்யப்பட்ட, டீசலில் ஓடும் சிறிய எஸ்.யூ.வி. வண்டி அது. ஜீப்பைப் போல் உயர்ந்து நிற்கும்; காரைப் போல் மெத்தென்று ஓடும். நீளம் 4 மீட்டருக்குள்ளும், எஞ்சினின் அளவு குறிப்பிட்ட வரம்புக்குள்ளும் அடங்கினால் வரி குறைவு என்பதால், நம் நாட்டில் இவ்வகை வண்டிகள் பெருகின. புதிதாக வாங்க இயலாத நடுத்தரக் குடும்பங்கள், பத்தாண்டு ஓடிய இத்தகைய வண்டிகளைச் சேமிப்பைத் திரட்டி வாங்குவதையும் நாம் காண்கிறோம்.

போரூர்ச் சந்திப்பில் நெரிசல். அங்கு நிற்கையில், எஞ்சினின் வெப்பத்தைக் காட்டும் முள் நடுக்கோட்டைத் தாண்டி மேலே ஏறியிருப்பதைக் கண்டேன். கண்டேனேயொழிய, கருதினேனில்லை. "பழைய வண்டி, வெயில் வேறு, இன்னும் சிறிது தூரந்தானே" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அய்யப்பன்தாங்கல் பேருந்துப் பணிமனையைக் கடக்கும்போது, குளிர்காற்று வர வேண்டிய துவாரத்தில் அனற்காற்று வந்தது. அப்போதும் நிறுத்தவில்லை. காட்டுப்பாக்கத்தை அடைந்தபோது சிவப்பு விளக்கு எரிந்தது. முன்மூடியின் இடுக்குகளிலிருந்து ஆவி கிளம்பிற்று. எஞ்சின் தானாகவே நின்றுவிட்டது.

சாலையோரத்தில் நின்ற இளைஞர் நால்வர், கேளாமலே வந்து வண்டியைத் தள்ளிப் பட்டறை வாயிலில் சேர்த்தனர். ரேடியேட்டர் மூடியைத் திறக்கச் சென்ற என் கையை மெக்கானிக் சட்டென்று தடுத்தார். "தொடாதீங்க சார்! சூட்டோட திறந்தா கொதிதண்ணி முகத்துல அடிக்கும். ஒரு மணி நேரம் ஆறட்டும்" என்றார். அந்த ஒரு மணி நேரமும் ஒரு மர முக்காலியில் அமர்ந்து காத்திருந்தேன்.

எஞ்சினுக்குள் எரிபொருள் எரியும்போது எழும் வெப்பத்தில் ஒரு பகுதிதான் வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. எஞ்சினின் உடலில் தங்கும் வெப்பத்தை, 'கூலன்ட்' எனப்படும் குளிர்விப்பு நீர் சுற்றிச் சுற்றி ஓடி ரேடியேட்டருக்குக் கொண்டு செல்கிறது. அங்கே காற்றுப் பட்டு ஆறி மீண்டும் உள்ளே வருகிறது. எங்கள் வண்டியில் அந்நீரைக் கொண்டு செல்லும் ரப்பர்க் குழாய் ஒன்று வெடித்துக் கசிந்திருந்தது. நீர் குறைந்தது, வெப்பம் ஏறியது. எஞ்சினின் தலைப்பகுதியாகிய 'ஹெட்' அலுமினியத்தாலானது; அளவுக்கு மீறிச் சூடேறினால் வளைந்துவிடும். வளைந்ததும், அதற்கும் அடிப்பகுதிக்கும் இடையிலுள்ள 'கேஸ்கட்' பிளந்து நீரும் எண்ணெயும் கலந்துவிடும். மெக்கானிக் எண்ணெய் அளவுகோலை உருவிக் காட்டினார். கறுத்திருக்க வேண்டிய எண்ணெய், பால் கலந்த தேநீரைப் போல் வெளுத்திருந்தது.

"முள்ளு ஏறினப்பவே ஓரங்கட்டி ஆஃப் பண்ணியிருந்தா ஒரு ஹோஸ், கொஞ்சம் கூலன்ட்டோட போயிருக்கும் சார். இப்ப ஹெட்டை இறக்கணும்; லேத்துக்கு அனுப்பி மட்டம் பார்க்கணும்" என்றார். குற்றம் சாட்டும் குரலில் அவர் சொல்லவில்லை. எனினும் எனக்குச் சுருக்கென்றது.

பட்டறையில் வேறு மூன்று வண்டிகளும் நின்றன. நான் கேட்கக் கேட்க, ஒவ்வொன்றின் வரலாற்றையும் அவர் சொன்னார்.

முதல் வண்டியில் எஞ்சின் இறுகிப் போயிருந்தது. எண்ணெய் அழுத்தம் குறைந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கை, "பெட்ரோல் குறைந்தால் எரியும் விளக்கைப் போன்றது, இன்னும் சில மைல் போகலாம்" என்று உரிமையாளர் எண்ணிவிட்டாராம். பெட்ரோல் விளக்கு, தீரப் போவதை முன்கூட்டிச் சொல்வது. எண்ணெய் விளக்கோ, உலோகத்தோடு உலோகம் உராயத் தொடங்கும் ஆபத்து இக்கணமே வந்துவிட்டது என்று சொல்வது. அவ்விளக்கு எரிந்தபின் ஓட்டும் ஒவ்வொரு நிமிடமும் எஞ்சினின் ஆயுளைத் தின்னும்.

இரண்டாவது வண்டி, மழைநீரில் மூழ்கியது. 2015 டிசம்பரில், இவ்வூருக்கு மேற்கேயுள்ள செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறக்கப்பட்ட நீர் அடையாற்றில் பெருகியதையும், 2023 டிசம்பரில் 'மிக்ஜாம்' புயல் சென்னையையும் புறநகரையும் நீரில் ஆழ்த்தியதையும் நாம் மறந்திருக்க மாட்டோம். அவ்வேளைகளில் நீரில் நின்ற வண்டிகளைப் பலர் உடனே 'ஸ்டார்ட்' செய்து பார்த்தனர். காற்றை அழுத்தலாம், நீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருக்கும்போது பிஸ்டன் மேலெழ முயன்றால், அதனைத் தாங்கும் தண்டு வளையும் அல்லது முறியும். நீரில் நின்ற வண்டியைச் சாவி போடாமல் கட்டி இழுத்துச் செல்வதே அறிவுடைமை. இவ்வகைச் சேதத்திற்குச் சாதாரணக் காப்பீட்டில் பெரும்பாலும் இழப்பீடு கிடைப்பதில்லை. எஞ்சினுக்கெனத் தனியே கூடுதல் காப்பீடு எடுத்திருக்க வேண்டும்.

மூன்றாவது வண்டியில் எஞ்சின் நலம். அதன் வலிமையைச் சக்கரத்திற்குக் கொண்டு செல்லும் பகுதிகள்தாம் பழுது. ஊர்ந்து செல்லும் நெரிசலிலே, கிளட்ச் மிதியின் மேல் எப்போதும் காலை வைத்தே ஓட்டும் பழக்கத்தால் கிளட்ச் தட்டு தேய்ந்து தீய்ந்திருந்தது. முன்சக்கர அச்சின் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வழிந்து, மண் புகுந்து, மூட்டும் கெட்டிருந்தது. சக்கரத்தைத் திருப்பும்போதெல்லாம் 'டக், டக்' என்று ஓசை கேட்டதாம். ரப்பர் உறை கிழிந்த உடனே மாற்றியிருந்தால், மூட்டு பிழைத்திருக்கும்.

மூன்று வண்டிகளும் பழையவை. எனவே, "பழையது பழுதாகும், இதில் வியப்பென்ன?" என்று கேட்கத் தோன்றும். நானும் அதையே சொன்னேன். மெக்கானிக் சிரித்தார். "இதைவிட வயசான வண்டியெல்லாம் நல்லா ஓடுது சார். வண்டி சொல்லிட்டேதான் கெடும். நாமதான் கேக்கறதில்லை" என்றார்.

அவர் கூற்று சரிதானா என்று பின்னர் எண்ணிப் பார்த்தேன். சென்னையைச் சூழ்ந்த இப்பகுதி, வண்டிகள் பிறக்கும் பகுதியாகும். பாடியிலும் அம்பத்தூரிலும் வண்டிகளின் உறுப்புகள் உருவாகின்றன. ஆவடியிலே 1960-களிலிருந்து இராணுவ டாங்கிகள் செய்யப்பட்டு வருகின்றன. காட்டுப்பாக்கத்திலிருந்து பூவிருந்தவல்லி வழியே பெங்களூர்ச் சாலையில் சென்றால் இருங்காட்டுக்கோட்டைக் கார்த் தொழிற்சாலை. தெற்கே மறைமலைநகரில் ஃபோர்டு நிறுவனம், 'இகோஸ்போர்ட்' என்னும் சிறிய எஸ்.யூ.வி.யை 2013 முதல் 2022 வரை தயாரித்தது. நம் மாவட்டத்து மக்களின் கைபட்ட அவ்வண்டி, அமெரிக்காவுக்கும் கப்பலேறிச் சென்று விற்பனையாயிற்று.

2023 டிசம்பரில் அந்நிறுவனம், 2018 முதல் 2022 வரையிலான மாதிரிகளைச் சேர்ந்த 1 லிட்டர் எஞ்சின் கொண்ட இகோஸ்போர்ட்டுகளையும், 'ஃபோகஸ்' என்னும் வேறொரு வகைக் கார்களையும் சேர்த்து, அமெரிக்காவில் 1,39,000-க்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தது. எஞ்சினின் எண்ணெய்ப் பம்பை இயக்கும் பட்டையை இழுத்துப் பிடித்திருக்கும் சிறு கை முறியக்கூடும், அல்லது பட்டையே பிரிந்து பற்களை இழக்கக்கூடும். அப்போது எண்ணெய் அழுத்தம் அற்று எஞ்சின் சேதமுறும், பிரேக்கின் துணை விசையும் குன்றும் என்பதே காரணம். அந்த 1 லிட்டர் எஞ்சின் சாதாரணமானதன்று. 2012, 2013, 2014 ஆகிய மூன்றாண்டுகளும் தொடர்ந்து 'ஆண்டின் சிறந்த எஞ்சின்' என்னும் உலக விருதைப் பெற்ற வகையைச் சேர்ந்தது.

இதிலிருந்து இரண்டு செய்திகள் விளங்கும். புதிய வண்டியும், புகழ்பெற்ற வண்டியும், ஒரு சிறு உறுப்பினால் கெடக்கூடும். எனவே எல்லாவற்றையும் வயதின்மேல் சுமத்துவது நேர்மையன்று. மற்றொன்று, பழுது எங்கே என்று தெரிந்தபின் அதனைப் பலரறியச் சொல்லியாக வேண்டும். தொழிற்சாலைக்கு அது சட்டத்தின் கட்டாயம். தனி மனிதருக்கோ, அவரவர் மனமே சட்டம்.

இந்த இரண்டாவது பாடம் எனக்கு அன்று மாலையே தேவைப்பட்டது. வண்டியின் உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்து, வண்டி காட்டுப்பாக்கத்தில் நின்றுவிட்டது என்றேன். நான் மேலும் பேசுமுன், "பரவாயில்லை ஃபாதர், பழைய வண்டிதானே! அதுக்கு வயசாயிடுச்சு. நீங்க கவலைப்படாதீங்க" என்று அவரே எனக்கு ஆறுதல் கூறினார். அந்தச் சொல் எத்துணை வசதியான போர்வை! ஒருவரும் என்னைக் கேட்கப் போவதில்லை. நான் "ஆம்" என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும். உண்மையைச் சொல்கிறேன்: "ஆம்" என்றுதான் சொன்னேன், சொல்லித் தொலைபேசியையும் வைத்துவிட்டேன்.

ஆனால் அந்த வீட்டில் ஒரு மூதாட்டி இருக்கிறார். வாரம் மும்முறை இரத்தச் சுத்திகரிப்புக்காக அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது அவ்வண்டியில்தான். அது எனக்குத் தெரியும். அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறுநாள் மாலை அவர்கள் வீட்டிற்கே சென்று, போரூரில் முள் ஏறியதைப் பார்த்தும் ஓட்டினேன் என்பதை மறைக்காமல் கூறினேன். வீட்டுத் தலைவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஆறு வருஷமா அந்தக் குழாயை மாத்தச் சொல்லாம விட்டது என் தப்பும்தான்" என்றார். பழுதுபார்த்த செலவில் பாதிக்கு மேல் என்னிடம் வாங்க அவர் இசையவில்லை. வண்டி திரும்பி வர ஒன்பது நாள் ஆயிற்று. அந்நாட்களில் மூதாட்டி ஆட்டோவில் குலுங்கிக் குலுங்கிச் சென்று வந்ததை என்னால் ஈடு செய்ய இயலவில்லை.

பழைய வண்டி வைத்திருக்கும் குடும்பத்தாருக்குச் சில சொற்கள். வாரம் ஒருமுறை, எஞ்சின் ஆறியிருக்கும் காலை வேளையில் எண்ணெயையும் கூலன்ட்டையும் பாருங்கள். ரேடியேட்டருக்கு ஆழ்குழாய் உப்புநீரை ஊற்றாதீர்கள். உள்ளே உப்புப் படிந்து துரு ஏறும். ரப்பர்க் குழாய், பட்டை, உறை ஆகியவற்றை வெடிக்குமுன் மாற்றுங்கள். பழைய வண்டி வாங்குவோர், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே முதன்முறை ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். முன்னமே சூடாக்கி வைத்தால் பல குறைகள் மறைந்துவிடும். தனியார் வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு. அதன்பின் தகுதி பார்த்துப் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். விற்போர், தெரிந்த குறையை வாங்குவோரிடம் சொல்லிவிடுங்கள். விலை சிறிது குறையும், அவ்வளவே.

நிற்க. அந்தச் சனிக்கிழமை, வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டுக் காட்டுப்பாக்கம் நிறுத்தத்தில் பேருந்து ஏறினேன். சிறிது நேரத்திலேயே பூவிருந்தவல்லி வந்துவிட்டது. நோயுற்ற முதியவர் தூக்கத்திலிருந்து அப்போதுதான் எழுந்திருந்தார். "ஏன் இவ்வளவு அவசரமாக வந்தீர்கள்? நாளைக்கு வந்தாலும் நான் இங்கேதானே இருக்கப் போகிறேன்" என்று கேட்டார்.