பதவி தானாக வருமா?

நெடுஞ்சாலையில் பெரிய விபத்தொன்று நடந்தால் அங்கே மூன்று படைகள் வந்து நிற்கும்: பொலிஸ், தீயணைப்பு, அம்புலன்ஸ். காயப்பட்டவருக்கு என்ன சிகிச்சை என்பதை வைத்தியர்கள் தீர்மானிப்போம். ஆனால் அந்த இடம் முழுவதையும் நடத்துபவர் பொலிஸைச் சேர்ந்த ஒருவர். 'இன்சாட்ஸ்லேடர்' என்று இந்நாட்டில் அவரை அழைப்பார்கள். எந்தப் பாதையை மூடுவது, யாரை எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் அவர் சொற்படிதான். அவசர சிகிச்சை வைத்தியராகப் பல இரவுகள் ஓடித் திரிந்த எனக்கு, அந்த மனிதர் நிதானமானவராயிருந்தால் பாதிச் சுமை குறையும் என்பது அனுபவம்.

நம் அன்பர் ஒருவரின் மகள் இப்பதவிக்கு ஆசைப்படுகிறார். பொலிஸ் கல்லூரியில் மூன்று வருடம் படித்துப் பட்டம் பெற்று, ஒஸ்லோவின் கிழக்குப் பகுதியில் ஒன்பது வருடம் ரோந்து வேலை பார்த்தவர். விளம்பரமும் வந்துவிட்டது. தகப்பனாருக்கோ தயக்கம். "நாங்களாகப் போய்க் கேட்கிறது மரியாதையில்லை, டொக்டர். பொறுத்திருந்தால் அவங்களே தருவாங்கள்" என்றார். சற்று நேரம் கழித்து, "சரி, கேட்கிறதென்றால் யாரைப் பிடிக்க வேணும்?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரில் என் பெரியப்பா ஒரு கந்தோரில் முப்பது வருடம் லிகிதராகவே இருந்து ஓய்வு பெற்றவர். 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபின் தமிழ் உத்தியோகத்தர் பலருக்கு மேலே ஏறும் ஏணி மொழிப் பரீட்சையிலேயே முறிந்தது. மிஞ்சியவர்களுக்குச் சிரேஷ்டத்துவமும் சிபாரிசும்தான் வழி. பொறுத்திரு, அல்லது ஆளைப் பிடி. அன்பர் கேட்ட இரண்டு கேள்விகளும் அந்த மண்ணில் விளைந்தவை.

இங்கே கதை வேறு. அரச பதவிகளுக்கான 2017 ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுவாக எந்த வெற்றிடமும் பகிரங்கமாக அறிவிக்கப்பட வேண்டும். மிகத் தகுதியானவரையே எடுக்க வேண்டும். தகுதியுள்ள குடியேறிய பின்னணிக்காரர் விண்ணப்பித்திருந்தால் அவர்களில் ஒருவரையேனும் நேர்முகத்துக்கு அழைத்தாக வேண்டும். விண்ணப்பித்தோரின் பெயர், வயது, தொழில், ஊர் அடங்கிய பட்டியலை எவரும் கேட்டுப் பார்க்கலாம். மருத்துவமனையில் 'ஊவர்லேகெ' பதவிக்கு நான் விண்ணப்பித்தபோது, என்னோடு போட்டியிட்ட நண்பரின் பெயருக்குக் கீழே என் பெயரையும் அப்படியொரு பட்டியலில் பார்த்தேன். முதலில் கூச்சமாயிருந்தது. மறுநாள் உணவறையில் அவரே கை குலுக்கி வாழ்த்தினார். முறைகேடு நடந்ததென்று நினைப்பவர் பாராளுமன்றம் நியமித்த குறைகேள் அதிகாரியிடம் முறையிடலாம். கேட்காதவருக்கு மட்டும் இந்த ஏற்பாடுகளில் எதுவுமே உதவாது. விண்ணப்பம் வராவிட்டால், 'இவருக்கு இந்தப் பதவியில் விருப்பமில்லை' என்றுதான் மேலதிகாரி எண்ணிக்கொள்வார். நம் அடக்கத்தை அவர் அடக்கமென்று அறியமாட்டார்.

பெண் பிள்ளைக்கு எதற்கு என்று சிலர் முணுமுணுப்பதும் காதில் விழுகிறது. இந்த நகரத்துப் பொலிஸ் தலைமைக்கு 1994 இலேயே இங்கெலின் கில்லெங்கிரேன் என்ற பெண்மணி வந்துவிட்டார். 2001 இல் நாடு முழுவதற்குமான பொலிஸ் இயக்குநரகம் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் அவரே. இலங்கையிலோ 2020 இல்தான் பிம்ஷானி ஜாசின் ஆரச்சி முதலாவது பெண் பிரதிப் பொலிஸ் மா அதிபரானார். அடுத்த வருடமே 32 ஆண் அதிகாரிகள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். விதிகளின் வாசகப்படி அப்பதவி ஆண்களுக்கே உரியதாம்! இத்தனை வருடச் சேவைக்கு எதிராக ஒரு சொல்லைப் பிடித்துத் தொங்கியதை என்னவென்பது? இங்கும் எல்லாம் சுத்தம் என்று நான் சொல்ல வரவில்லை. வெளிநாட்டுப் பெயரைக் கண்டு தயங்கும் கண்கள் இந்நாட்டிலும் உண்டு.

நேர்முகத்துக்குப் பழக்கும்படி அந்தப் பிள்ளையை வீட்டுக்கு அழைத்தேன். நடந்ததொன்றைச் சொல்லச் சொன்னேன். ஒரு குளிர்கால இரவு, அடுக்குமாடியில் தீ, படிக்கட்டில் புகை, மேல்மாடியில் நடக்கமுடியாத முதியவர். "நாங்கள் ஆட்களை வெளியே எடுத்தோம், நாங்கள் பஸ் ஒன்றை வரவழைத்துப் பிள்ளைகளை அதிலே இருத்தினோம்" என்று சொல்லிக்கொண்டு போனார்.

"பஸ்ஸைக் கேட்டது யார்?"

"அது... நான்தான், அங்கிள்."

"முதியவர் மேலே இருக்கிறார் என்று தீயணைப்புக்காரருக்குச் சொன்னது?"

தலையைக் குனிந்துகொண்டார். அதுவும் அவர்தான். மறுபடி முதலிலிருந்து, 'நான்' என்று சொல்லும்படி கேட்டேன். மூன்றாவது தடவைதான் தடங்கலில்லாமல் வந்தது.