தாத்தாவும் ஸ்டாப்வாட்சும்

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று செயலாளர் கேட்டதும் கவிதைதான் முயன்றேன். வரவில்லை. எனவே நண்பர்களே, எங்கள் தாத்தாவின் நடையைப் பற்றி எழுதுகிறேன்.

தாத்தா பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 74. இரண்டு வருடமாக அவர் நடையே மாறிவிட்டது. கால்களை அகட்டி வைத்து, பாதத்தைத் தூக்காமல் தரையோடு தேய்த்துத் தேய்த்து நடப்பார். திரும்புவது என்றால் சந்துக்குள் லாரி திரும்புகிற கதைதான். "காலு தரையில ஒட்டிக்கிதுடா" என்பார். மறதி வேறு. வயசாச்சு என்று நாங்கள் விட்டுவிட்டோம். பாத்ரூம் போய்ச் சேர்வதற்குள் வேட்டி நனைந்துவிடும். ஒருநாள், "கொஞ்சம் வேகமா நடந்தாத்தான் என்ன தாத்தா?" என்று கத்திவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மூன்றாவது முறை விழுந்த பிறகுதான் மதுரைக்கு அழைத்துப் போனோம். நரம்பியல் டாக்டர் அவரைப் படுக்க வைத்து, சைக்கிள் மிதிப்பது போல் காலை ஆட்டச் சொன்னார். தாத்தா ஜோராக மிதித்தார்! எழுந்து நின்றால் மட்டும் அதே ஒட்டல். ஸ்கேனில் மூளைக்குள் இருக்கும் நீர் அறைகள் விரிந்திருந்தன. நார்மல் பிரஷர் ஹைட்ரோசெபாலஸ் என்றார் டாக்டர். அழுத்தம் அளந்தால் பெரும்பாலும் சரியாகவே காட்டும், ஆனால் நீர் தேங்கியிருக்கும். கொலம்பியா நாட்டு டாக்டர் ஹக்கீமும் அமெரிக்காவின் ஆடம்ஸும் 1965-ல் இதை விளக்கி எழுதினார்களாம். நடை, சிறுநீர், மறதி மூன்றும் இதன் அடையாளம்.

ஆபரேஷன் பலன் தருமா என்று பார்க்க, முதுகில் ஊசி போட்டு 30 முதல் 50 மில்லி வரை நீரை எடுப்பார்கள். எடுப்பதற்கு முன்னும் பின்னும் நடையை அளக்க வேண்டும். கை வைத்த நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். எத்தனை விநாடி, திரும்ப எத்தனை அடி என்று குறிக்க வேண்டும். பிறகு 10 மீட்டர் நடை. இரண்டு தடவையும் அதே நாற்காலி, அதே செருப்பு. நம்ம வொர்க் ஸ்டடி பாடம்தான்! நான் மெக்கானிக்கல் என்று தெரிந்ததும் பிசியோதெரபி அக்கா ஸ்டாப்வாட்சை என்னிடமே கொடுத்துவிட்டார்.

முதல் கணக்கு: 41 விநாடி. திரும்ப 9 அடி.

நீர் எடுத்த சில மணி நேரம் கழித்து மறுபடி நடந்தார். பாதம் லேசாகத் தூக்குவது போல் தெரிந்தது. நாற்காலியை நெருங்கியதுமே என் விரல் அமுக்கிவிட்டது. 22 விநாடி!

"தம்பி, தாத்தா இன்னும் உக்காரலையே" என்றார் அக்கா.

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. அன்று கத்தினேன், இன்று சலுகை காட்டினேன். இரண்டு நாளும் அவர் காலை நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை. "இத வச்சுத்தான் தலையில துளை போடலாமா வேண்டாமான்னு யோசிப்பாங்க. ஆசைக்கு அளக்காதீங்க" என்றார். ஓய்வு கொடுத்து மறுபடி நடக்கவிட்டோம். 28 விநாடி, 6 அடி. இதில் வித்தியாசம் தெரியாவிட்டாலும் நோய் இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாதாம். எங்களுக்குத் தெரிந்தது.

அடுத்த மாதம் ஷன்ட் வைத்தார்கள். மூளை நீரை வயிற்றுக்குக் கொண்டுபோகும் மெல்லிய குழாய், நடுவில் ஒரு வால்வு. அதே ஹக்கீம் வால்வும் வடிவமைத்தவர். பந்தும் ஸ்பிரிங்கும் வைத்தது. ஹைட்ராலிக்ஸ் லேபில் பார்க்கும் ரிலீஃப் வால்வின் தம்பி என்று தாத்தாவிடம் சொன்னேன். ஃபிட்டர் அல்லவா, "ஸ்பிரிங் துருப்பிடிக்காதே?" என்று கேட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் சாக்பீஸால் 3 மீட்டர் கோடு போட்டேன். 19 விநாடி. முதுகு சாய்ந்து உட்கார்ந்த பிறகுதான் அமுக்கினேன். மறதி மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை.

"எத்தனைடா?" என்றார்.

சொன்னேன். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன்.

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்