திசை தெரியும், தூரம் தெரியாது

ரேடியோ காலர் மாட்டிய விலங்கைத் தேடும் ரிசீவர் தோளில் தொங்கவிடக்கூடிய ஒரு சிறு பெட்டி. அலைவரிசை எண்ணை வைக்க ஒரு குமிழ், கெயினை, அதாவது வரும் சத்தத்தைப் பெருக்கும் அளவை, கூட்டிக் குறைக்க இன்னொரு குமிழ், ஹெட்போனுக்கு ஒரு துளை, ஆண்டெனா கேபிளுக்கு ஒரு துளை. வெளியே தெரிவது இவ்வளவுதான். காதில் விழுவதும் பெரிதாக ஒன்றுமில்லை. இரைச்சலுக்கு நடுவே நொடிக்கு ஒருமுறை ‘டிக்’ என்று ஒரு சத்தம். யானை எங்கே நிற்கிறது என்று அந்தச் சத்தம் சொல்லாது. எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லும், அதுவும் கேட்கத் தெரிந்தவருக்கு. பக்கத்திலிருந்து இடத்தைக் கண்டுபிடிப்பது முழுக்க ஆளின் வேலை. இரண்டு பக்கமும் மலை எழுந்து நிற்கும் கம்பம் பள்ளத்தாக்கில் அந்த வேலை சமவெளியில் இருப்பதைவிடக் கடினம்.

சத்தம் புறப்படும் இடம் விலங்கின் கழுத்து. யானைக்கான காலர் இயந்திரப் பட்டை போன்ற தடித்த பெல்ட்டால் ஆனது. எடை பெரும்பாலும் பத்துக் கிலோவை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். டிரான்ஸ்மிட்டர் பிடரிக்கு மேலே வானத்தைப் பார்த்திருக்க, அது சரிந்துவிடாமல் தொண்டைக்குக் கீழே ஓர் எடைக்கட்டி தொங்கும். டிரான்ஸ்மிட்டர் ஓயாமல் ஒலிப்பதில்லை. ஒவ்வொரு துடிப்பும் சுமார் 20 மில்லி விநாடிதான். நொடிக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் மொத்த நேரத்தில் நூற்றில் இரண்டு பங்கு மட்டுமே அது வேலை செய்கிறது. பேட்டரி ஆண்டுக்கணக்கில் தாங்குவதன் ரகசியம் இதுதான். பல காலர்களுக்குள் அசைவை உணரும் கருவியும் உண்டு. குறித்த சில மணி நேரம் விலங்கு அசையாமல் கிடந்தால் துடிப்பின் வேகம் இரட்டிப்பாகும். ஹெட்போனில் அந்த வேகமான சத்தம் கேட்டால், ஒன்று காலர் கழன்று விழுந்திருக்க வேண்டும், இல்லையென்றால் விலங்கு செத்திருக்க வேண்டும்.

காட்டு விலங்கின்மேல் டிரான்ஸ்மிட்டரைக் கட்டிப் பின்தொடரும் முறை அமெரிக்காவில் 1950களின் கடைசியிலும் 1960களின் தொடக்கத்திலும் உருவானது. 1970களில் நேபாளத்தின் சித்வான் காட்டில் புலிகளுக்கும், 1990களில் நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தில் யானைகளுக்கும் காலர் மாட்டி ஆராய்ச்சி நடந்தது. தமிழ்நாட்டில் அது ஆராய்ச்சியாளரின் கையிலிருந்து வனத்துறையின் அன்றாட வேலைக்குள் வந்ததற்குக் காரணம் ஊருக்குள் வரும் யானைகள். 2019 ஜனவரியில் கோவை தடாகம் பகுதியில் பிடிபட்ட சின்னத்தம்பி என்ற யானை, காலரோடு டாப்சிலிப் அருகே வரகளியாறு காட்டில் விடப்பட்டது. சில நாட்களிலேயே அது உடுமலைப்பேட்டைப் பக்கம் இறங்கி வந்தது. பிப்ரவரியில் மறுபடி பிடித்தார்கள். காலர் யானையைத் தடுக்காது, யானை போகும் வழியைத்தான் காட்டும் என்பது அப்போதே தெரிந்த விஷயம். ஆனால் காலர் மாட்டியாயிற்று என்ற செய்தி வந்ததும் ஊர்க்காரர்கள் பாதி பயத்தை விட்டுவிடுகிறார்கள். அது தவறான நம்பிக்கை.

தேடும் வேலை அலைவரிசையில் தொடங்குகிறது. ரேடியோ காலர்களில் பல 150 மெகாஹெர்ட்ஸை ஒட்டி வேலை செய்பவை. ஒவ்வொரு காலருக்கும் தனி எண். பத்துக் கிலோஹெர்ட்ஸ் அல்லது அதற்குச் சற்று மேல் இடைவெளி விட்டு எண்களைக் கொடுத்தால் ஒரே ரிசீவரில் பல விலங்குகளை மாறி மாறிக் கேட்கலாம். உறையில் அச்சிட்ட எண்ணும் காட்டில் நன்றாகக் கேட்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. குளிரிலும் பேட்டரி வயதாகும்போதும் டிரான்ஸ்மிட்டரின் அலைவரிசை கொஞ்சம் நகரும். ரிசீவருக்கு ரிசீவர் அளவுத்திருத்தமும் வேறுபடும். அதனால் காலரை மாட்டுவதற்கு முன்பே, பிறகு தேடப்போகும் அதே ரிசீவரில் அதை ஒலிக்கவிட்டு, எந்த எண்ணில் சத்தம் மிகத் தெளிவாக இருக்கிறது என்று நோட்டில் எழுதிவைக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்ட குழு பின்னால் காட்டின் நடுவே குமிழைத் திருகிக்கொண்டு நிற்கும்.

150 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 2 மீட்டர். ஆண்டெனாவின் குறுக்குக் கம்பிகள் அதில் பாதி, கிட்டத்தட்ட 1 மீட்டர். மூன்று கம்பி கொண்ட யாகி ஆண்டெனா திசையைக் கூர்மையாகக் காட்டும், ஆனால் உண்ணிச்செடிப் புதருக்குள் அதைத் தூக்கிக்கொண்டு நுழைய முடியாது. இரண்டு கம்பி கொண்ட எச் வடிவ ஆண்டெனா மடித்துத் தோளில் போட்டுக்கொள்ள வசதி; திசைக் கூர்மை குறைவு. பாதையிலும் மேட்டிலும் யாகி, காட்டுக்குள் எச் என்று பிரித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

திசை எடுப்பதில் புதியவர் செய்வது, ஆண்டெனாவைச் சுழற்றி எங்கே சத்தம் உச்சமோ அதைத் திசை என்று குறித்துக்கொள்வது. உச்சம் அகலமானது, அதன் நடுவைக் காதால் பிடிப்பது சிரமம். சத்தம் மறையும் விளிம்பு அப்படியல்ல, சட்டென்று தெரியும். ஆகவே முதலில் முழு வட்டம் சுற்றிப் பொதுவான பக்கத்தைக் கண்டுகொண்டு, கெயினை வெகுவாகக் குறைத்து, மறுபடி இடமிருந்து வலமாக மெல்லத் திருப்ப வேண்டும். சத்தம் தொடங்கும் கோணம் ஒன்று, முடியும் கோணம் ஒன்று. இரண்டுக்கும் நடுக்கோடுதான் திசை. பயிற்சியின்போது ஒரு காலரைப் புதரில் ஒளித்துவைத்துத் தேடச் சொல்வார்கள். அப்படிப்பட்ட இடத்தில் மூத்தவர் இளையவரிடம் சொல்வது, “கேக்குற பக்கத்த மட்டும் பாக்காத தம்பி, கேக்காம போற ரெண்டு எடத்தயும் குறிச்சுக்க.” பாடப்புத்தகம் அரைப்பக்கம் எழுதுவதும் இதைத்தான். ஆண்டெனாவின் முதுகுப் பக்கமும் கொஞ்சம் கேட்கும் என்பதால், முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்காமல் குறித்தால் யானைக்கு நேர் எதிர்ப் பக்கம் நடக்க நேரிடும்.

காம்பஸைப் பார்க்கும்போது ஜீப்பின் அருகே நிற்கக்கூடாது. இடுப்பில் அரிவாள் இருந்தாலும் முள் திரும்பும்.

ஒரு திசைக்கோடு ஒரு கோடுதான். யானை அதன்மேல் எங்கேயும் இருக்கலாம். சத்தம் பலமாகக் கேட்பதால் அருகில் என்று முடிவுகட்ட முடியாது. மேட்டில் நிற்கும் தூரத்து யானை பலமாகக் கேட்கும், பக்கத்து ஓடைக்குள் நிற்பது முனகும். எனவே இன்னொரு இடத்திலிருந்தும், முடிந்தால் மூன்றாவது இடத்திலிருந்தும் கோடு எடுக்க வேண்டும். கோடுகள் ஏறக்குறைய செங்குத்தாக வெட்டிக்கொண்டால் நல்லது. ஒட்டி ஒட்டிப் போனால் வெட்டும் புள்ளி நம்பத்தகாது. 2 கிலோமீட்டர் தூரத்தில் 5 பாகை தவறினால் இடம் சுமார் 175 மீட்டர் விலகும், 10 பாகை தவறினால் 350 மீட்டர். மூன்று கோடுகள் ஒரு புள்ளியில் சேர்வது அபூர்வம். ஒரு முக்கோணம் கிடைக்கும், யானை அதற்குள்ளோ அதை ஒட்டியோ இருக்கும் என்று எடுத்துக்கொள்வார்கள். முதல் கோட்டுக்கும் கடைசிக் கோட்டுக்கும் நடுவே யானை நடந்துவிட்டால் அந்த முக்கோணமும் வீண். அதனால்தான் இரண்டு மூன்று குழுக்கள் வாக்கி டாக்கியில் பேசிக்கொண்டு ஒரே நேரத்தில் கேட்பது சிறந்தது.

இதெல்லாம் தட்டையான நிலத்துக்குச் சொன்ன கணக்கு. கம்பம் பள்ளத்தாக்கில் மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும், நடுவே முல்லைப் பெரியாறு. இந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். மலை குறுக்கே நின்றால் சத்தம் இல்லை. அதைவிடத் தொல்லை, சத்தம் இருந்தும் பொய்யாக இருப்பது. சுருளி மலையின் மடிப்புக்குள் நிற்கும் விலங்கின் அலைக்கு நேரே வர வழியில்லாதபோது, அது எதிர்ப் பாறையில் பட்டுத் திரும்பி வரும். கீழே வயலில் நிற்பவரின் ஹெட்போனில் பாறைப் பக்கம்தான் பலமாகக் கேட்கும். தெரிந்தவர்கள் இதைச் சோதிக்கும் விதம் எளிது. நூறு இருநூறு அடி தள்ளிப் போய் மறுபடி கேட்பார்கள். உண்மையான திசை கொஞ்சமாகத்தான் மாறும், எதிரொலித்த திசை துள்ளும். சின்னமனூரிலிருந்து தென்பழனி வழியாக மேகமலைக்கு ஏறும் சாலையின் வளைவுகளும், லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும் சாலையும் காது கொடுக்க நல்ல இடங்கள். லோயர் கேம்ப்பே நல்ல இடமல்ல. பெரியாறு மின்நிலையத்தின் உயரழுத்தக் கம்பிகள் அங்கே ஹெட்போனை இரைச்சலால் நிரப்பிவிடும். தென்னந்தோப்பின் மோட்டார் ஓடினாலும் அப்படித்தான். திராட்சைப் பந்தலுக்குக் கீழே நின்று திசை எடுப்பதும் வீண் வேலை, தலைக்கு மேலே உள்ளதெல்லாம் கம்பி.

இந்தப் பள்ளத்தாக்கு ரேடியோ காலரை அறிந்துகொண்டது 2023இல். சின்னக்கானல் பகுதியில் ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்று பேர்வாங்கிய அரிக்கொம்பன் என்ற யானையை, ஏப்ரல் 29 அன்று கேரள வனத்துறை மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் காலர் மாட்டிப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டது. யானைக்கு மாநில எல்லை கிடையாது. சில நாட்களில் அது மேகமலைத் தேயிலைத் தோட்டங்களுக்குள் வந்தது; திரும்பிப் போனது; குமுளி ஓரமாக மறுபடி வந்து, மே 27 காலை கம்பம் நகரத் தெருக்களில் ஓடியது. தடை உத்தரவு போட்டார்கள். யானை தாக்கிக் காயமடைந்த ஒருவர் பிறகு இறந்தார். அதன்பின் அது சுருளிப்பட்டி, சண்முகாநதி அணைப் பக்கங்களில் ஒன்பது நாள் சுற்றியது. ஜூன் 5 அன்று சின்ன ஓவுலாபுரம் பகுதியில் தமிழக வனத்துறை அதை மயக்கிப் பிடித்து, லாரியில் ஏற்றி, களக்காடு முண்டந்துறை காப்பகத்தின் மேல் கோதையாறு காட்டுக்குக் கொண்டுபோனது.

அரிக்கொம்பனின் கழுத்தில் இருந்தது செயற்கைக்கோள் காலர். ஜி.பி.எஸ். மூலம் தன் இடத்தை அதுவே கணக்கிட்டு, குறித்த இடைவெளியில் செயற்கைக்கோள் வழியே அனுப்பும். அலுவலகக் கணினியில் வரைபடத்தின்மேல் புள்ளி விழும். அப்படியானால் கையில் பிடிக்கும் ஆண்டெனா எதற்கு என்று கேட்கலாம். புள்ளி விழுவது யானை அங்கே இருந்த நேரத்துக்கு. அதைப் பார்ப்பதற்குள் யானை நடந்திருக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு புள்ளி என்று வைத்தால், கம்பத்துக்கும் சுருளிப்பட்டிக்கும் உள்ள தூரத்தை யானை அந்த இடைவெளியில் கடந்துவிடும். இடைவெளியைச் சுருக்கினால் பேட்டரி சீக்கிரம் தீரும். அடர்ந்த மரக்கூட்டத்துக்குள்ளும் செங்குத்தான பள்ளத்துக்குள்ளும் வானம் மறைந்து, புள்ளியே வராமலும் போகும். ஆகவே செயற்கைக்கோள் காலர்களிலும் முன்பு சொன்ன ரேடியோ துடிப்பை, அதாவது வி.எச்.எஃப். துடிப்பை, துணைக்கு வைக்கிறார்கள். எந்த மலை என்பதைக் கணினி சொல்லும். எந்தப் புதர் என்பதை ரிசீவர்தான் சொல்ல வேண்டும். மயக்க ஊசி போடப் போகும் மருத்துவருக்குத் தேவை புதர்.

ரிசீவரைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பவர்கள் பெரும்பாலும் வேட்டைத் தடுப்புக் காவலர்கள். பள்ளத்தாக்கின் கிராமங்களிலிருந்தும் மலையடிவாரப் பளியர் குடியிருப்புகளிலிருந்தும் வருகிறவர்கள், பலர் தொகுப்பூதியத்தில் வேலை செய்பவர்கள். இதை எழுதுபவர் கண்ட வரையில், அவர்களில் நல்ல கேட்பாளர்கள் ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். மறுகாது காட்டுக்கு. மூங்கில் முறிகிறதா, குரங்கு கத்துகிறதா என்பதும் தகவல்தான். கோடு எந்தப் பக்கம் காட்டினாலும் யானை லத்தியின் சூடு, கால்தடத்தின் விளிம்பு, உரித்த பட்டையின் ஈரம் ஆகியவற்றோடு அதை ஒத்துப்பார்த்த பிறகே அடியெடுத்து வைக்கிறார்கள். கருவியும் தடமும் முரண்பட்டால் தடத்தை நம்புவதே அவர்கள் வழக்கம். எதிரொலி நிறைந்த இந்த மலைகளில் அது சரியான முடிவு.

நெருங்கும்போது கெயினே எச்சரிக்கை மணி. கெயினை மிகக் குறைத்த பிறகும் எல்லாப் பக்கமும் ஒரே பலத்தில் கேட்டால், திசை எடுக்கும் எல்லையைத் தாண்டியாயிற்று என்று பொருள். ஆண்டெனா கேபிளையே கழற்றிவிட்டாலும் சத்தம் வந்தால் விலங்கு மிக அருகில் இருக்கிறது. ஆராய்ச்சிக்காகப் போனவர்கள் அங்கிருந்து திரும்ப வேண்டும். அதற்கு முன்பே காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, யானைக்கு வாடை போகாத பக்கமாகச் சுற்றியிருக்க வேண்டும். காலர் யானையின் மோப்பத்தைக் குறைப்பதில்லை.

அலைவரிசை எண் ஆளுக்கு ஆள், மாநிலத்துக்கு மாநிலம் கைமாறுவதும் இந்தத் தொழிலின் பகுதி. கர்நாடகத்தில் காலர் மாட்டப்பட்ட ஒரு மக்னா (தந்தமில்லாத ஆண் யானை) 2024 பிப்ரவரியில் வயநாட்டுக்குள் வந்து மானந்தவாடி அருகே ஒருவரைக் கொன்றபோது, காலர் விவரம் உரிய நேரத்தில் கேரளத்துக்குக் கிடைக்கவில்லை என்ற குறை எழுந்தது. எண் தெரியாத ரிசீவர் வெறும் இரைச்சல் பெட்டி. யானை எல்லையைத் தாண்டும் நாளில் ஃபோன் போட்டுக் கேட்டு வாங்குவதை விட, காலர் மாட்டும் நாளிலேயே எல்லைக்கு இரு பக்கத்து வனச்சரகங்களிலும் அந்த எண்ணை எழுதி ஒட்டிவைப்பது பெரிய காரியமில்லை. தேனி மாவட்டத்தின் மேற்கு ஓரம் முழுவதும் கேரள எல்லை என்பதால் இங்கே அது கட்டாயம்.

சத்தம் தொலைந்துபோனால் தேடவும் ஒரு முறை உண்டு. கடைசியாகக் கேட்ட இடத்துக்குப் போய், அங்கிருந்து எட்டும் உயரமான மேட்டில் ஏறி, கெயினை முழுவதும் வைத்து, ஆண்டெனாவின் கம்பிகளைக் கிடையாகப் பிடித்து ஒரு வட்டமும் நட்டுப் பிடித்து ஒரு வட்டமும் சுற்ற வேண்டும்; விலங்கு கழுத்தைத் தாழ்த்திப் படுத்திருந்தால் அலையின் சாய்வும் மாறியிருக்கும். எண்ணுக்குச் சற்று மேலேயும் கீழேயும் குமிழைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பிறகு அடுத்த மேடு. கேட்காத மேடுகளையும் நேரத்தோடு படிவத்தில் எழுதியாக வேண்டும். எங்கிருந்து, எத்தனை மணிக்கு, எந்த எண்ணில் தேடிக் கிடைக்கவில்லை என்ற வரி இருந்தால்தான் மறுநாள் வரும் குழு அதே மேட்டில் ஏறாமல் வேறு மலைக்குப் போகும்.